சாவித்துவாரத்தில் ஒரு கண்: இரு ஆண்களின் சரித்திர அமானுஷ்யக் காதல் கதைகளை ரசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1835ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த ஒரு வீட்டில், வாடகை அறை ஒன்றின் சாவித்துவாரம் வழியாக வீட்டுக்காரரும் அவருடைய மனைவியும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே பார்த்தார்கள். அதற்கு முன்பே வீட்டுக்காரர் அருகிலிருந்த குதிரை லாயத்தின் பரணில் ஏறி, அந்த அறையின் ஜன்னலையும் நோட்டம் விட்டிருந்தார். உள்ளே இருந்த ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இரு ஏழைகள் அந்தச் சாட்சியத்தின் பேரில் நவம்பர் 27 அன்று நியூகேட் சிறையின் வாசலில் தூக்கிலிடப்பட்டார்கள். அறையின் வாடகைதாரரான முதியவர் கப்பலேற்றப்பட்டு, இன்று டாஸ்மேனியா எனப்படும் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். ஆணோடு ஆண் உறவுகொண்ட குற்றத்துக்காக இங்கிலாந்தில் நிறைவேற்றப்பட்ட கடைசி மரண தண்டனை அதுதான்.

காதல் கதைகளை ரசிப்பது எப்படி என்று சொல்ல வந்துவிட்டுத் தூக்குமேடையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தைக் களமாகக் கொண்டு இரு ஆண்களின் காதலையும் ஆவி, ரத்தக்காட்டேரி, மந்திரம் போன்றவற்றையும் ஒன்றாகப் பின்னும் நாவல்கள் இன்று ஆங்கிலத்தில் ஏராளமாக வருகின்றன. பேய்க்கதை ஒரு பக்கம், காதல் ஒரு பக்கம், சரித்திரம் வெறும் உடையலங்காரம் என்று தனித்தனியாகப் பிரித்துப் படிப்பவர்களுக்கு இவை சீக்கிரம் சலித்துவிடுகின்றன. மூன்றையும் கட்டிப்போடும் கேள்வி ஒன்றுதான்: இவர்களை யார் பார்க்கிறார்கள்? சாவித்துவாரத்தில் வைத்த ஒரு கண் இரண்டு உயிர்களை எடுக்கக்கூடிய காலத்தில், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நீதிமன்றத்தில் வந்து நிற்க முடியாத ஒரே சாட்சி, ஆவிதான். இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தால், சாதாரணமாகத் தோன்றும் நாவலில்கூட ருசி கூடுவதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகும் முறைகளே.

முதல் படி: கதை நடக்கும் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் சில பக்கங்களுக்குள் ஒரு கடிதத்தின் தலைப்பிலோ, ஒரு கல்லறை வாசகத்திலோ ஆண்டு தெரிந்துவிடும். அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். இந்த வகைக் கதையில் ஆண்டு என்பது அலங்காரம் அல்ல. கதாபாத்திரங்கள் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

எட்டாம் ஹென்றி காலத்தில், 1533இல் வந்த சட்டம் இந்த உறவுக்கு மரண தண்டனை விதித்தது. 1835க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்றாலும், 1861இல்தான் மரண தண்டனை நீங்கி, ஆயுள்வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் அந்தக் குற்றத்தை நிரூபிக்க, குறிப்பிட்ட ஒரு செயல் நடந்தது என்பதற்குச் சாட்சி தேவைப்பட்டது. 1885இல் நாடாளுமன்றத்தில் ஹென்றி லபூஷேர் என்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் நிலைமையைத் தலைகீழாக்கியது. ஆண்களுக்கிடையிலான எந்த ‘ஒழுக்கக்கேடான’ நடத்தையும், அது பூட்டிய வீட்டுக்குள் நடந்தாலும், இரண்டு ஆண்டுகள் வரை சிறைக்குரிய குற்றமானது. எது ஒழுக்கக்கேடு என்று அந்தச் சட்டம் வரையறுக்கவே இல்லை. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு அது வரப்பிரசாதமாக அமைந்தது. 1895 மே மாதத்தில் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டுக்கு இரண்டாண்டு கடுங்காவல் கிடைத்தது அந்தப் பிரிவின் கீழ்தான்.

ஆகவே 1850இல் நடக்கும் கதையும் 1890இல் நடக்கும் கதையும் ஒரே பயத்தைப் பேசுவதில்லை. முதலாவதில் தண்டனை கொடியது, ஆனால் நிரூபிப்பது கடினம். இரண்டாவதில் தண்டனை குறைவு, ஆனால் ஒரு கடிதம் தவறான கையில் சிக்கினாலே போதும். 1850இன் கதையைப் படிக்கும்போது கதவைக் கவனியுங்கள். 1890இன் கதையைப் படிக்கும்போது மேசை இழுப்பறையைக் கவனியுங்கள். 1890இல் நடக்கும் நாவலில் நாயகன் காதலனுக்குக் கடிதம் எழுதி அதைக் கணப்பு நெருப்பில் போடாமல் உறையில் இட்டு ஒட்டுகிறான் என்றால், வேறெந்த முத்தக்காட்சியையும்விட அது துணிச்சலான காட்சி.

இது நமக்குத் தொலைவான சங்கதி என்று நினைக்க வேண்டாம். அதே பிரிட்டிஷ் சட்டச் சிந்தனையிலிருந்துதான் 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு பிறந்தது. வயதுவந்தோர் இருவரின் விருப்பத்தோடு நிகழும் உறவுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளிக்கும்வரை, சென்னையில் அமர்ந்து இத்தகைய கதையைப் படித்தவர் அந்தக் கதாபாத்திரங்களின் சட்டத்துக்குள்ளேயேதான் இருந்தார். சிங்கப்பூரில் 1938இல் சேர்க்கப்பட்ட 377ஏ பிரிவை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தது 2022இல்தான்.

இரண்டாம் படி: வீட்டை அளந்து பாருங்கள்

பிராட், ஸ்மித் வழக்கை மேல்விசாரணைக்கு அனுப்பிய மாஜிஸ்திரேட்டே பிறகு அவர்களுக்காக அரசுக்கு எழுதினார். இந்தக் குற்றத்தில் தனிநபர் யாருக்கும் கேடில்லை என்றும், பணக்காரர்களும் இதைச் செய்கிறார்கள், ஆனால் தனிமையை விலைக்கு வாங்க அவர்களால் முடிவதால் பிடிபடுவதே இல்லை என்றும் அவர் குறிப்பிட்டார். பலன் இல்லை. ஆனால் இந்த வகைக் கதையை வாசிப்பவருக்கு இதைவிடச் சிறந்த திறவுகோல் கிடைக்காது. ஒவ்வொரு காட்சியிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த அறை யாருடையது? இதன் சாவி யாரிடம் இருக்கிறது? காலையில் முதலில் உள்ளே வருவது யார்?

மூன்றாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் ஒரு வேலைக்காரப் பெண்ணாக இருக்கும். அக்காலத்து வசதியான வீடுகளில் எஜமானர்கள் எழுவதற்கு முன்பே பணிப்பெண் நிலக்கரி வாளியோடு படுக்கையறைக்குள் வந்து, கணப்பில் இருந்த பழைய சாம்பலை அள்ளிவிட்டு நெருப்பு மூட்டுவாள். எந்தப் படுக்கையில் ஆள் படுத்த தடம் இருக்கிறது, எது கலையாமல் கிடக்கிறது என்பது அந்த வீட்டில் அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. வைல்டின் வழக்கிலும் ஹோட்டல் பணிப்பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். நல்ல எழுத்தாளர் இதை அறிந்திருப்பார். அவருடைய கதையில் இரண்டாவது படுக்கையை வேண்டுமென்றே கலைத்துவிட்டுப் போகும் நாயகன் இருப்பான். அறியாத எழுத்தாளரின் மாளிகையிலோ இருபது அறைகள் இருக்கும், ஒரு வேலைக்காரர்கூட இருக்கமாட்டார். தலையணையைத் தட்டிப்போடுவது யார், ஆவியா என்று கேட்கத் தோன்றும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இரு பிரம்மச்சாரிகள் வாடகையைப் பகிர்ந்துகொண்டு ஒரே வீட்டில் தங்குவது அன்று வெகு சாதாரணம். நண்பர்கள் கைகோத்து நடந்தார்கள், தோளில் கைபோட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள், கடிதங்களில் ‘என் உயிரினும் இனியவனே’ என்ற தொனியில் எழுதிக்கொண்டார்கள். தெருவில் தெரியும் நெருக்கம் யார் கண்ணையும் உறுத்தவில்லை. மூடிய கதவுதான் உறுத்தியது. இதை மேற்கத்திய வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். தோழன் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகும் ஊர்க்காரர்களான நமக்கு அது சொல்லாமலே புரிகிறது. இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒரு படி முன்னால் நிற்கிறார் என்றே சொல்வேன்.

மூன்றாம் படி: அமானுஷ்யத்தின் விதிகளைப் பட்டியலிடுங்கள்

அந்தக் காலத்தில் ஆவிகள் மீதான நம்பிக்கை மூலையில் ஒதுங்கிக் கிடந்த மூடநம்பிக்கை அல்ல. 1848இல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் தட்டொலி மூலம் ஆவியோடு பேசுவதாக அறிவித்தது முதல் அது அட்லாண்டிக்கைக் கடந்து லண்டன் வரவேற்பறைகளுக்குள் புகுந்தது. காலின் மூட்டுகளைச் சொடுக்கித்தான் அந்த ஒலியை எழுப்பினோம் என்று சகோதரிகளில் ஒருவரே 1888இல் மேடையேறி ஒப்புக்கொண்ட பிறகும் நம்பிக்கை ஓயவில்லை. 1882இல் லண்டனில் தொடங்கப்பட்ட அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்தில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் இருந்தார்கள். அந்தச் சங்கம் சுமார் 17,000 பேரிடம், நீங்கள் நன்றாக விழித்திருக்கும்போது அங்கே இல்லாத ஒருவரைக் கண்டதோ, அவர் குரலைக் கேட்டதோ உண்டா என்று விசாரித்து, ஏறக்குறைய பத்தில் ஒருவர் ஆம் என்றதாக 1894இல் அறிக்கை வெளியிட்டது. எனவே உங்கள் நாவலில் ஒரு விஞ்ஞானி ஆவியைத் தேடி அலைந்தால் அவரை அசடு என்று எண்ண வேண்டாம். அவர் தன் காலத்தின் நாகரிகமான மனிதர்.

சென்னைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. பிரம்மஞான சபை 1882 இறுதியில் தன் தலைமையகத்தை அடையாறுக்கு மாற்றியது. அங்கே மகாத்மாக்கள் எனப்பட்ட மறைவான ஞானிகளிடமிருந்து கடிதங்கள் அமானுஷ்யமாக வந்து விழுவதாகச் சொல்லப்பட்டதை ஆராய, மேற்சொன்ன சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்பவரை 1884 இறுதியில் அனுப்பியது; அவருடைய கடுமையான அறிக்கை 1885இல், அதாவது லபூஷேர் திருத்தம் வந்த அதே ஆண்டில், வெளியானது. ஆற்றங்கரை ஆலமரமும் கடலோரக் காற்றும் கடிதங்கள் வந்த அலமாரியில் ரகசியக் கதவு இருந்ததாக எழுந்த புகாருமாக இத்தனை தயாரான களம் வேறெங்கே கிடைக்கும்?

இப்போது விதிகளுக்கு வருவோம். உங்கள் துண்டுத்தாளில் ஆண்டுக்குக் கீழே, இந்தக் கதையின் அமானுஷ்யம் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று கதை சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வாருங்கள். ஆவியால் சுவரைக் கடக்க முடியுமா? எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறதா, ஒருவருக்கு மட்டுமா? பிறகு ஒவ்வொரு விதியையும் காதலோடு ஒட்டிப் பாருங்கள். 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில், வீட்டார் ஒருவர் முதலில் அழைக்காமல் ரத்தக்காட்டேரியால் உள்ளே நுழைய முடியாது. இரு ஆண்களின் காதல் கதையில் அந்த விதி வேறொரு பொருள் பெறுகிறது: ‘உள்ளே வா’ என்ற இரண்டு சொற்களை ஒருவன் வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும், பார்வையாலும் மௌனத்தாலும் தப்பிக்க வழியில்லை. ஓநாய் மனிதனின் கதையில், மாதம் ஒருமுறை எங்கே போனாய் என்ற கேள்விக்கு அவன் சொல்லும் பொய்யும், காதலனைச் சந்திக்கப் போகிறவன் சொல்லும் பொய்யும் ஒன்றாகவே ஒலிக்கும். மனத்தைப் படிப்பவன் வரும் கதையில், எழுதவும் முடியாத, சொல்லவும் முடியாத ஒன்று ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது.

இந்த ஒட்டுதல் எழுத்தாளர்களின் கற்பனை மட்டும் அல்ல. அலைந்து திரிவோரை ஒடுக்க 1824இல் இயற்றப்பட்ட சட்டத்தைக் கொண்டு 1876இல் ஹென்றி ஸ்லேட் என்ற புகழ்பெற்ற மீடியம், அதாவது ஆவிகளோடு பேசித் தருவதாகச் சொல்லிக்கொண்டவர், லண்டனில் தண்டிக்கப்பட்டார். மேல்முறையீட்டில் ஒரு சொல்நுணுக்கத்தால் தப்பினார். அதே சட்டத்துக்கு 1898இல் வந்த திருத்தத்தைக் காவல்துறை பிற்பாடு பெரும்பாலும் ஆண் துணை தேடிய ஆண்களைப் பிடிக்கவே பயன்படுத்தியது. ஆவியோடு பேசுகிறவனும் ஆணைத் தேடுகிறவனும் ஒரே சட்டத்தின் வலையில் சிக்கக்கூடியவர்களாக இருந்தார்கள். மீடியமும் காதலனுமாக ஒரே ஆளை ஆக்கும் நாவலாசிரியருக்கு அந்த வரலாறே பாதிக் கதையை எழுதிக் கொடுத்துவிடுகிறது.

நான்காம் படி: ஆவியழைப்புக் காட்சியில் நின்று நிதானியுங்கள்

இந்த வகை நாவல்களில் ஆவியழைப்புக் கூட்டம் ஒன்றாவது வந்துவிடும். பலர் அதைப் பயமுறுத்தும் காட்சியாகவே படித்துக் கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் நீங்கள் வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். காரணம் எளிது. விளக்கை அணைத்துவிட்டு, அந்நியர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதை அந்தக் கட்டுப்பெட்டிச் சமூகம் தானே முன்வந்து அனுமதித்த ஒரே சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம். மோசடி நடக்காமலிருக்க மீடியத்தின் கையைப் பக்கத்தில் இருப்பவர் பிடித்தே ஆக வேண்டும். இரு ஆண்கள் இருட்டில் கைகோத்திருப்பது அங்கே குற்றம் அல்ல, கடமை.

எப்படிப் படிப்பது என்று காட்ட, நானே ஒரு காட்சியை அமைத்துத் தருகிறேன். 1887 குளிர்காலம். ஒரு விதவையின் வரவேற்பறையில் எட்டுப் பேர் வட்டமேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். வேலைக்காரி எரிவாயு விளக்கின் திருகைத் தணித்துவிட்டு வெளியேறுகிறாள். எதையும் நம்பாத ஆராய்ச்சியாளர் ஒருவர் மீடியத்தின் இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். விரல்கள் நாடியின் மேல் இருக்கின்றன. எல்லோரும் தோத்திரப் பாடல் ஒன்றைப் பாடுகிறார்கள். மேசைக்கு அடியில் மூன்று தட்டொலிகள் கேட்கின்றன. ஒரு மூதாட்டி விசும்புகிறாள். ஆராய்ச்சியாளர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறார்: தட்டொலியின்போது நாடி மாறவில்லை. பிடி நழுவாமலிருக்கத் தன் கட்டைவிரலைச் சற்று நகர்த்துகிறார். நாடி துள்ளுகிறது. இருவருக்கும் நடுவே, யாரோ குனிந்து பார்ப்பதுபோல், ஒரு குளிர் வந்து நிற்கிறது. ‘பிடியை விட்டுவிடாதீர்கள்’ என்கிறார் மீடியம், எல்லோருக்கும் கேட்கும் குரலில். விளக்கை ஏற்றிய பின் ஆராய்ச்சியாளர் தன் குறிப்பேட்டில் எழுதுகிறார்: இரவு 9.20, நாடி 96, காரணம் தெரியவில்லை.

இதை முதல்முறை கதைக்காகப் படிப்போம்: ஆவி வந்ததா, வரவில்லையா? அடுத்ததாக, அறையில் உள்ளவர்களின் கண்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். எல்லோரும் மேசையைப் பார்க்கிறார்கள். அந்தக் குளிர் மட்டும் இருவரின் கைகளைப் பார்க்கிறது. வெளியேறிய வேலைக்காரி கதவுக்கு அப்பால் நிற்கிறாளா என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. நல்ல நாவலில் அது ஐந்து அத்தியாயம் கழித்துத் தெரியவரும். கடைசியாக, எழுதப்பட்டதைப் பாருங்கள். நேர்மையான விஞ்ஞானியின் குறிப்பில் ஒரு பொய் நுழைந்துவிட்டது. காரணம் அவருக்குத் தெரியும். 1885க்குப் பிந்திய இங்கிலாந்தில் அந்தக் குறிப்பேடு ஓர் ஆதாரம். பொய் எழுதியதால்தான் அது ஆதாரமாகாமல் போனது. விஞ்ஞானக் குறிப்பேட்டின் ஒரு வரி காதல் கடிதமாகவும் பொய்ச்சாட்சியமாகவும் ஒரே நேரத்தில் நிற்பதைக் கண்டுபிடிக்கும்போது வரும் சிரிப்புதான் இந்த வகை இலக்கியத்தின் தனிச்சுவை.

ஐந்தாம் படி: விளிச்சொற்களுக்குக் கீழே கோடிடுங்கள்

ஆங்கிலத்தில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்கள்’உம் இல்லை, எல்லோருக்கும் ஒரே சொல். அதனால் நெருக்கத்தின் அளவுகோல் முழுவதும் பெயர்களில் ஏறிக்கொள்கிறது. முதலில் ‘மிஸ்டர்’ என்ற மரியாதையோடு குடும்பப் பெயர்; பழகிய பின் மிஸ்டர் உதிர்ந்து வெறும் குடும்பப் பெயர்; சொந்தப் பெயர் வீட்டாருக்கும் பால்யத் தோழர்களுக்கும் மட்டும் உரியது. பள்ளித் தோழர்களான ஆண்கள்கூட வாழ்நாள் முழுவதும் குடும்பப் பெயராலேயே அழைத்துக்கொண்டார்கள். ஆகையால் முந்நூறாவது பக்கத்தில் ஒருவன் முதன்முறையாகச் சொந்தப் பெயரைச் சொல்லும்போது, பொருட்படுத்தாமல் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ‘வாங்க, உட்காருங்க’ என்று ஓராண்டாகப் பேசிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் திடீரென்று ‘நீ போகாதே’ என்று சொல்வதாக உங்கள் காதில் ஒலிக்க வேண்டும். நான் இத்தகைய நாவல்களை மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே படிப்பேன். ‘நீங்க’ எந்த வரியில் ‘நீ’ ஆகிறது என்று முடிவெடுப்பதே தனி இன்பம். பிறர் முன்னிலையில் அவர்கள் மீண்டும் ‘மிஸ்டர்’ என்பதற்குத் திரும்புகிறார்களா என்பதையும் பாருங்கள். அறைக்குள் மூன்றாமவர் இருக்கிறார் என்பதற்கு அதுவே அறிகுறி. ஆவி நிற்கும்போது எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்பது இன்னும் சுவாரசியம்.

ஆறாம் படி: அவர்களிடம் இல்லாத சொல்லைத் தேடாதீர்கள்

தன்பாலீர்ப்பைக் குறிக்க இன்று உலகெங்கும் வழங்கும் சொல் 1869இல் ஜெர்மன் மொழியில் முதன்முதலாக அச்சேறியது. ஆங்கிலத்துக்கு 1890களில், அதுவும் மருத்துவ நூல்களின் வழியாகத்தான் வந்தது. 1860இன் லண்டனில் ஒரு தையல்காரருக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வசைச்சொற்களும் சட்டச்சொற்களும் மட்டுமே கிடைத்தன. ஆகவே அந்தக் கதாபாத்திரம் ‘நான் இப்படிப்பட்டவன்’ என்று இன்றைய மேடைப் பேச்சுபோல் அறிவித்தால் கதையின் கட்டு அவிழ்ந்துவிடும். சில பிழைகளை நான் பொறுத்துக்கொள்வதுண்டு. தேநீர்க் கோப்பையின் வடிவம் பத்தாண்டு பிசகியிருந்தால் என் வாசிப்புக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது. பயம் பிசகியிருந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவேன். அதே சமயம், பயம் தவிர வேறொன்றுமே இல்லாத கதையும் பொய்தான். வைல்டின் காலத்திலும் ஆண்கள் ஒன்றாகச் சிரித்தார்கள், சண்டையிட்டார்கள், யார் ரொட்டியைக் கருக்கியது என்று வாதாடினார்கள்.

ஏழாம் படி: யாருக்கு எவ்வளவு பலம் என்று எடைபோடுங்கள்

இருநூறு வயதான ரத்தக்காட்டேரியும் இருபத்திரண்டு வயது எழுத்தரும் காதலிக்கும் கதையில் ஒருவருக்குச் செல்வம், வலிமை, அனுபவம் எல்லாம் இருக்கின்றன. மற்றவருக்கு வேலை போனால் அடுத்த வேளைச் சோறு இல்லை. எஜமானன்–வேலைக்காரன், மருத்துவர்–நோயாளி ஜோடிகளிலும் இதே சிக்கல்தான். 1889இல் லண்டனின் கிளீவ்லாந்து தெருவில் ஆண்களுக்கான ரகசிய விடுதி ஒன்று, தந்திப் பையன்கள் வழியாக அம்பலமானபோது, சிறைக்குப் போனவர்கள் சாமானியர்கள். பிரபு ஒருவர் நாட்டைவிட்டே தப்பிவிட்டார். இந்த உண்மையை மறந்துவிட்டுக் காதல் எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டதாகச் சொல்லும் நாவலை நான் நம்புவதில்லை. பலசாலி எதையாவது விட்டுக்கொடுக்கிறாரா என்று பாருங்கள்.

இந்த நாவல்களில் பல, படுக்கையறைக் காட்சிகளை ஒளிவுமறைவின்றி எழுதுபவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தின் முன்பக்கத்திலோ விற்பனைப் பக்கத்திலோ உள்ள உள்ளடக்க எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்; வேண்டாமென்றால் அந்தப் பக்கங்களைத் தாண்டிச் செல்வதில் குற்றமில்லை. படிப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கலாம்: கதவைத் தாழிடுவது யார் என்று எழுத்தாளர் சொல்கிறாரா? அதோடு, கூட்டுக்குடும்ப வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து கைபேசியில் இதைப் படிக்கும் வாசகருக்கு, தோளுக்குப் பின்னால் அத்தை வந்து நின்று ‘என்னப்பா அப்படி விழுந்து விழுந்து படிக்கிறே?’ என்று கேட்கும் அந்த ஒரு கணத்தில், மேற்சொன்ன எல்லாப் படிகளும் விளக்கமின்றியே புரிந்துவிடும். அட்டைப்படம் வெளியே தெரியாத மின்னூல் எவ்வளவு பெரிய உபகாரம் என்பதும் புரியும்.

எட்டாம் படி: முடிவை நம்பப் பழகுங்கள்

காதல் நாவல் என்ற பெயரில் விற்கப்படும் ஆங்கிலப் புத்தகம் வாசகருக்கு ஒரு வாக்குறுதி தருகிறது: கடைசியில் இருவரும் சேர்ந்திருப்பார்கள். முதுகு வளையச் சரித்திரம் படித்த வாசகர்கள் சிலர் இங்கேதான் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்தக் காலத்தில் இது நடக்குமா, அமானுஷ்யத்தைக் காட்டிப் பூச்சுற்றுகிறார்கள் என்பார்கள். ஆவி வந்து எதிரியை விரட்டியதால் மட்டும் சுபமாக முடியும் கதை எனக்கும் உவப்பில்லை. ஆனால் மகிழ்ச்சியான முடிவே பொய் என்பது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

எட்வர்ட் கார்பெண்டர் என்ற ஆங்கில எழுத்தாளரை எடுத்துக்கொள்வோம். கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பரானவர் இலங்கைத் தமிழரான பொன்னம்பலம் அருணாசலம். பிற்காலத்தில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானவர். அந்த நட்பின் தூண்டுதலால் கார்பெண்டர் 1890இல் இலங்கைக்கு வந்து, இராமசாமி என்ற தமிழ் ஞானி ஒருவரிடம் பாடம் கேட்டார். ஊர் திரும்பிய பின் 1891இல் ஜார்ஜ் மெரில் என்ற, ஷெஃபீல்டின் சேரிப் பகுதியில் வளர்ந்த இளைஞரைச் சந்தித்தார். வைல்டு சிறைக்குப் போய் மூன்றே ஆண்டுகளில், 1898இல், மெரில் தன் சாமான்களோடு மில்தார்ப் கிராமத்தில் இருந்த கார்பெண்டரின் வீட்டுக்குக் குடிவந்தார். 1928இல் மெரில் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அவர்கள் ஒன்றாகவே வாழ்ந்தார்கள். 1913இல் அந்த வீட்டுக்குப் போய்வந்த ஈ. எம். ஃபார்ஸ்டர், இரு ஆண்களின் காதல் கட்டாயம் மகிழ்ச்சியில் முடிய வேண்டும் என்ற உறுதியோடு ‘மாரிஸ்’ நாவலை எழுதினார். எழுதியதை அச்சிடத் துணியவில்லை. அவர் இறந்த பிறகு 1971இல்தான் அது வெளிவந்தது. வாழ்க்கையில் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்த ஒன்று புத்தகமாக வர அறுபது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்திருக்கிறது.

ஆகவே கடைசி அத்தியாயத்தில் அந்த இருவரும் நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு, தோட்டம் போட்டு, ஒருவரை மற்றவருடைய காரியதரிசி என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டால், சிரிக்காதீர்கள். அந்த வீட்டில் வேலைக்காரி இருக்கிறாளா, ஆவி இருக்கிறதா, கதவில் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, இம்முறை நாயகர்களை விட்டுவிட்டு, அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பின்னால் போய்க் கதை முழுவதையும் இன்னொருமுறை படியுங்கள். மில்தார்ப் வீட்டுக்கு ஆண்டுதோறும் விருந்தினர் வந்துகொண்டே இருந்தார்கள். சமையலையும் வீட்டையும் மெரில் பார்த்துக்கொண்டார். கில்ட்ஃபோர்டு நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் ஒரே குழியில் கிடக்கிறார்கள், ஒரே கல்லின் கீழ், இருவர் பெயரோடும்.